50 கிலோவுக்கு அடங்காத உடல்: ஒரு இளம் மல்யுத்த வீராங்கனையின் எடைப்பிரிவு மாற்றம்

இந்த ஆய்வு ஹரியானாவைச் சேர்ந்த ஒரு மல்யுத்த வீராங்கனையின் 2022 முதல் 2025 வரையான காலத்தைப் பற்றியது. அவர் பெயர், ஊர், பயிற்சிக்கூடம், போட்டி நடந்த இடங்கள் எதுவும் இதில் இல்லை. எடைக் குறிப்பேடு, ஆட்டக் குறிப்பேடு, மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றிலிருந்து தேவையான எண்கள் மட்டும் எடுத்தாளப்பட்டுள்ளன.

பின்னணி

சிறு விவசாயக் குடும்பம். இரண்டு எருமைகள், மூன்று பெண் பிள்ளைகள், இவர் நடுவில். 11 வயதில் ஊர் அகாடாவில் (மல்யுத்தக் கூடம்) பையன்களோடு மண்ணில் இறங்கினார். மேட் (போட்டி விரிப்பு) பழகியது 13 வயதுக்கு மேல்தான். அதன் பிறகு விடுதியோடு கூடிய ஒரு தனியார் பயிற்சிக்கூடம். காலை 5 முதல் 7.30 வரை ஒரு பயிற்சி, மாலை 4.30 முதல் 7 வரை இன்னொன்று, நடுவில் பள்ளி. உணவு அந்தப் பக்கத்து வழக்கப்படி சுத்த சைவம்: எருமைப் பால், நெய், ரொட்டி, பருப்பு, தயிர், ஊறவைத்த பாதாம். முட்டைகூடக் கிடையாது.

2022-இல் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 46 கிலோவில் ஆடினார், 2023-இல் 49 கிலோவில். அப்போது அவருடைய இயல்பான காலை எடை 51.5 கிலோ. போட்டிக்காக இரண்டரை கிலோ இறக்குவதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பையன்கள் ஐந்து கிலோ இறக்குவதைப் பார்த்துப் பழகிய இடம் அது. அங்கே இதை 'வஜன் தோட்னா' என்பார்கள், அதாவது எடையை உடைப்பது. சொல்லிலேயே முறையும் இருக்கிறது.

2023 இந்திய மல்யுத்தத்துக்குக் கெட்ட ஆண்டு. வீராங்கனைகளின் போராட்டம், கூட்டமைப்புத் தேர்தல் இழுபறி, ஆகஸ்டில் உலக மல்யுத்தக் கூட்டமைப்பு விதித்த இடைநீக்கம் என்று போட்டி அட்டவணையே குலைந்தது. இந்த வழக்கில் அதற்கு நேரடி விளைவு உண்டு. எப்போது அழைப்பு வரும் என்று தெரியாததால் அவரை ஆண்டு முழுவதும் 50 கிலோவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். போட்டிக்கு முந்தைய பத்து நாள் பட்டினியாக இருந்தது பத்து மாத அரைப்பட்டினியாக மாறியது. உடலோ வளரும் வயதில் இருந்தது. ஒன்றரை ஆண்டில் உயரம் 156 செ.மீ.யிலிருந்து 162 ஆனது.

50 கிலோ தேர்வான விதம்

2024-இல் அவர் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு வந்தார். அங்கும் சீனியரிலும் மிகக் குறைந்த எடைப்பிரிவு 50 கிலோ. 49-லிருந்து 50, ஒரு கிலோதானே கூடுகிறது என்ற கணக்கு காகிதத்தில் வசதியாகத் தெரிந்தது. ஆனால் 2024 ஜனவரியில், உணவைக் கட்டுப்படுத்தாத நாட்களில், அவர் காலை எடை 55.8 கிலோ. 50-க்கு வர 5.8 கிலோ இறக்க வேண்டும். உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல்.

அப்படியிருந்தும் 50 தேர்வானதற்குக் காரணம் உடல் அல்ல, வரிசை. ஹரியானாவில் பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்வது: "மாநில டிரையலைத் தாண்டுவதுதான் கஷ்டம், நேஷனல் அதற்குப் பிறகு லேசு." 53 கிலோ என்றால் அந்த மாநிலத்தில் எல்லோர் நினைவுக்கும் வருவது ஹிசார் மாவட்டத்தின் அந்திம் பங்கால். 2022-இலும் 2023-இலும் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தை அந்த எடையில் வென்றவர். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே. அவருக்குப் பின்னாலும் ஒரு நீண்ட வரிசை நின்றது. 50-இல் வரிசை குட்டை. பதக்கம் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை. குடும்பத்துக்கு அதுதான் இலக்கு. தந்தையும் தலைமைப் பயிற்சியாளரும் பேசி முடிவெடுத்தார்கள். அவரிடம் கேட்டபோது "குருஜி சொன்னால் சரி" என்றார். அந்தப் பதிலை யாரும் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

முதல் தேர்வுப் போட்டி இன்னொரு மாயையைத் தந்தது. சில தேர்வுகளில் 2 கிலோ சலுகை தருவதுண்டு. இங்கும் அப்படி 52 வரை அனுமதித்தார்கள். அவர் 51.8-இல் ஆடி, மூன்று ஆட்டமும் வென்றார். 50-இல் இவர் வெல்வார் என்று எல்லோரும் முடிவுகட்டியது அன்றுதான். உண்மையில் அன்று நிரூபணமானது 52-இல் வெல்வார் என்பது மட்டுமே.

எடை விதியும் அதன் விளைவும்

முன்பு போட்டிக்கு முந்தைய மாலையில் எடை பார்த்தார்கள். இரவு முழுவதும் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துத் தேறலாம். 2018 முதல் போட்டி நாள் காலையிலேயே எடை பார்க்கிறார்கள். ஒரு எடைப்பிரிவு இரண்டு நாள் நடக்கும். இறுதிப் போட்டிக்கோ ரெபசாஜுக்கோ (இறுதிக்கு வந்தவரிடம் தோற்றவர்கள் வெண்கலத்துக்காக ஆடும் சுற்று) போகிறவர்கள் இரண்டாம் நாள் காலையிலும் தட்டில் ஏற வேண்டும். முதல் நாள் எடை பார்க்க அரை மணி நேரம், இரண்டாம் நாள் 15 நிமிடம். சிங்லெட்டோடு (மல்யுத்த உடை) ஏற வேண்டும், துணிக்கென்று கழிவு கிடையாது.

ஒட்டுமொத்தமாக வியர்த்து எடை இறக்குகிறவருக்கு இதில் இரட்டைப் பொறி. காலையில் தட்டிலிருந்து இறங்கி இரண்டொரு மணி நேரத்தில் ஆட வேண்டும். அதற்குள் ரத்த ஓட்டத்தில் நீர் முழுதாகச் சேராது. சேரத் தொடங்கும்போதோ வறண்ட உடல் குடித்ததையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து) ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்தே வரும். மாலைக்குள் எடை மீண்டும் ஏறி, இரவில் இரண்டாம் முறை உடைக்க வேண்டிவரும்.

2024 போட்டிகளில் கவனித்தவை

சலுகை இல்லாமல் 50.0-க்கு இறங்கி ஆடிய இரண்டு போட்டிகளின் எடைக் குறிப்பு ஒரே மாதிரி இருந்தது. பத்து நாள் முன்பே உப்பு நிறுத்தம். ரொட்டி போய் வேகவைத்த பாசிப்பயறும் வெள்ளரியும். கடைசி மூன்று நாளில் தண்ணீர் 3 லிட்டரிலிருந்து 1 லிட்டர், பிறகு அரை லிட்டர், பிறகு வாய் நனைக்க மட்டும். கடைசி மாலை பிளாஸ்டிக் வியர்வை உடைக்கு மேல் இரண்டு டிராக்சூட் போட்டு ஓட்டம், கயிறு தாண்டல், போர்வைக்குள் படுக்கை. காலையில் 49.95. இறங்கியதும் குளுக்கோஸ், வாழைப்பழம், கீர். முதல் போட்டியில் கீர் முழுவதும் வாந்தியாக வெளியே வந்தது. மூன்று நாள் வெறும் வயிற்றில் பாலும் சர்க்கரையும் ஒன்றாக இறங்கினால் அப்படித்தான் ஆகும்.

அவருடைய பலம் ஒற்றைக் காலைத் தாழ்வாகப் பிடித்து வீழ்த்துவது, விழுந்ததும் இரண்டு கணுக்காலையும் பின்னிப் புரட்டுவது. ஹரியானாவில் அதை 'ஃபிதலே' என்பார்கள். வீழ்த்தலுக்கு 2 புள்ளி, ஒவ்வொரு புரட்டலுக்கும் 2. நான்கு முறை புரட்டினால் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் அங்கேயே முடியும். முடிந்த ஆட்டங்களில் அவர் வென்றார். முடியாமல், மூன்று மூன்று நிமிடமான இரு பாதிகளில் இரண்டாவதற்குப் போனவற்றில் என்ன நடந்தது என்பதை எண்கள் காட்டின: ஏழு ஆட்டங்களில் முதல் பாதியில் எடுத்தது 38 புள்ளி, விட்டது 9, இரண்டாம் பாதியில் எடுத்தது 6, விட்டது 31. பயிற்சிக்கூடத்தில் இதற்குச் சொன்ன காரணம் "ஸ்டாமினா இல்லை". மருந்தாகக் கொடுத்தது கூடுதல் ஓட்டம். நீரும் மாவுச்சத்தும் இல்லாத உடலை இன்னும் ஓட வைத்தார்கள்.

வேறு அறிகுறிகளும் தனித்தனியாக வந்துகொண்டிருந்தன. கழுத்திலும் முன்கையிலும் படர்தாமரை மூன்று முறை வந்து போனது. மேட்டிலிருந்து தொற்றுவது எல்லோருக்கும் நேர்வதுதான், இவருக்கு மட்டும் ஆறவே இல்லை. செப்டம்பரில் இடது கணைக்கால் எலும்பின் கீழ்ப்பகுதியில் வலி; ஷின் ஸ்பிளின்ட் (ஓட்டத்தால் வரும் எலும்போர வலி) என்று ஐஸ் வைத்து டேப் ஒட்டினார்கள். பையில் பெயரில்லாத மாத்திரைப் பட்டை ஒன்று இருந்தது. மூத்த வீராங்கனை ஒருவர் "தண்ணி மாத்திரை" என்று கொடுத்தது. நல்லவேளையாக அவர் அதைத் தொடவில்லை. சிறுநீர்ப் பெருக்கிகள் போட்டிக் காலம், பயிற்சிக் காலம் என்ற வேறுபாடின்றி எப்போதும் தடைசெய்யப்பட்டவை. ஒரு மாத்திரை ஆட்ட வாழ்க்கையையே முடிக்கலாம்.

பாரிசுக்குப் பிறகு

2024 ஆகஸ்ட் 7 காலை பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 50 கிலோ இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராம் கூடுதல் எடையால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். முதல் நாள் காலை 49.9 இருந்தவர் மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு மாலையில் 52.7. இரவெல்லாம் உழைத்து, முடியை வெட்டியும் 50.1-க்குத்தான் வர முடிந்தது. அந்த ஆண்டு 50-க்கு இறங்கும் முன் 53 கிலோவில் ஆடிவந்தவர் அவர்.

ஹரியானாவில் அன்று அழாத அகாடா இல்லை. ஆனால் இந்தப் பயிற்சிக்கூடம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் தலைகீழானது. 53 கிலோ உடல் ஏன் 50-இல் ஆட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. "இனி 50.0 போதாது, 49.6 வைத்துக்கொள்" என்றார்கள்.

நவம்பர் இரவு

நவம்பர் போட்டிக்கு முந்தைய இரவு 8 மணிக்கு எடை 51.9. 49.6-க்கு இன்னும் 2.3 கிலோ. நாற்பது நிமிடம் வீதம் இரண்டு முறை வியர்க்க வைத்தார்கள். இரண்டாவதில் வியர்வை ஏறக்குறைய நின்றுவிட்டது. அது ஓர் எச்சரிக்கை. அறையில் இருந்த இருவரும் "உடல் பிடிவாதம் பிடிக்கிறது" என்று இன்னொரு போர்வை போட்டார்கள். இரவு 2 மணிக்குக் கைவிரல்கள் மடங்கி இறுகின, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, எழுந்து நிற்கையில் மயங்கி விழுந்தார். அறையில் இருந்த தங்கை முறைப் பெண் ஒருத்திதான் சத்தம் போட்டு ஆட்களை எழுப்பினாள்.

மருத்துவமனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 என்று ஏறியிருந்தது; சிரை வழி 2 லிட்டர் சலைன், ஒரு நாள் கண்காணிப்பு. அது நோயாளிக்கு மருத்துவமனை தந்த சிகிச்சை என்பதால் விதிச்சிக்கல் இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு: எடை பார்த்த பிறகு தேறுவதற்காக விடுதி அறையில் டிரிப் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் சிரை வழி ஏற்றுவது, மருத்துவமனைச் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர, ஊக்கமருந்து விதிமீறலே.

சோதனைகள் காட்டியது

டிசம்பரில் விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார்கள். உடன் சென்றது புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பிசியோ. வழியில் பேருந்தில் அவர் கேட்ட ஒரு கேள்வியில்தான் எல்லாம் திறந்தது: "மாதவிடாய் கடைசியாக எப்போது வந்தது?"

"ஏப்ரலில், தீதி. வராதது நல்லதுதானே, போட்டி நேரத்தில் தொந்தரவில்லை."

எட்டு மாதம். ஆண்கள் மட்டுமே இருந்த பயிற்சிக் குழுவில் இதைக் கேட்க ஒருவரும் இல்லை. சொல்லவும் அவருக்கு ஆள் இல்லை. அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8, ஹீமோகுளோபின் 10.4, வைட்டமின் டி 13. மூன்றும் குறைவு. காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எலும்பு அழுத்தக் காயம், இரண்டாம் நிலை. அப்படியே ஓடியிருந்தால் முழு விரிசலாகியிருக்கும். ஷின் ஸ்பிளின்ட் என்று மூன்று மாதம் கடந்தது தவறு என்பது விரலால் அழுத்தியே தெரிந்திருக்கும். அதில் வலி எலும்போரமாக ஐந்து செ.மீ.க்கு மேல் பரவலாக இருக்கும். அழுத்தக் காயத்தில் ஒரு விரல் அகல இடத்தில் சுள்ளென்று குத்தும், ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடத்தில் பிடிக்கும். இவருக்கு இரண்டாவது வகை.

இவற்றையெல்லாம் ஒன்றாக்கிப் பார்த்த மருத்துவர் சொன்னது, விளையாட்டில் ஆற்றல் பற்றாக்குறை. கணக்கு எளிது. சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் எரித்ததைக் கழித்து, கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 45 கலோரி அளவில் மிஞ்சினால் நல்லது, 30-க்குக் கீழே போனால் ஆபத்து. எடை இறக்கும் வாரங்களில் இவர் சாப்பிட்டது நாளுக்குச் சுமார் 1,300, எரித்தது 700. மிஞ்சியது 600, 47 கிலோவால் வகுத்தால் 13 கூட இல்லை. அந்த அளவில் உடல் முதலில் இனப்பெருக்கச் சுரப்புகளை நிறுத்தும், அவை நின்றால் எலும்பு தேயும். மாதவிடாய், கால் வலி, ஆறாத தோல், இரண்டாம் பாதித் தோல்வி நான்கும் ஒரே கிணற்றின் தண்ணீர்.

எடுத்த முடிவும் காரணமும்

முதலில் நன்றாக நீர் அருந்திய நிலையில், சிறுநீரின் அடர்த்தி 1.012 என்று உறுதிசெய்துகொண்டு, தோல்மடிப்புக் காலிப்பரால் (தோலைக் கிள்ளிப் பிடித்துக் கொழுப்பை அளக்கும் கருவி) அளந்தார்கள். எடை 55.6, கொழுப்பு 15 சதவீதம். கொழுப்பு நீங்கிய எடை 47.3 கிலோ. அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் பெண்களுக்கு 12 சதவீதக் கொழுப்பைக் கீழ் எல்லையாக வைத்திருக்கிறார்கள். 1997-இன் இறுதியில் மூன்று கல்லூரி வீரர்கள் எடை இறக்கும்போது இறந்த பிறகே அங்கே இந்த அளவீட்டு முறைகள் கடுமையாயின. அந்த எல்லைப்படி இவருடைய குறைந்தபட்ச எடை 47.3-ஐ 0.88-ஆல் வகுக்க வருவது: 53.7. ஆக 50 என்பது எந்த உணவு முறையாலும் எட்ட முடியாத எண். உடலின் நீரைத் திருடித்தான் எட்ட முடியும்.

53-க்கு 700 கிராம்தான் குறைவு, அதை எடுக்கலாமே என்ற வாதம் வந்தது. மருத்துவர் ஒப்பவில்லை. மாதவிடாய் திரும்பும் வரை பற்றாக்குறை உணவே கூடாது என்றார். 57-க்கு அவர் இன்னும் சிறியவர். நடுவில் இருப்பது 55. ஒலிம்பிக்கில் இல்லாத பிரிவு, ஆனால் உலகப் போட்டியிலும் தேசியப் போட்டியிலும் உண்டு. ஒலிம்பிக் பிரிவுகள் ஆறுதான்: 50, 53, 57, 62, 68, 76. "ஒலிம்பிக் இல்லாத எடையில் பதக்கம் வாங்கி யாருக்குக் காட்ட?" என்று தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. அரசின் டாப்ஸ் திட்டத்தில் மாதம் 50,000 ரூபாய் கிடைப்பது ஒலிம்பிக்கை நோக்கிப் போகிறவர்களுக்கே. அவருக்குத் தந்த பதில், 55 ஓர் ஆண்டுக்கு மட்டும், அதன் பின் மறுபடி அளந்து 53-ஆ 57-ஆ என்று பார்க்கலாம் என்பது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுக்க ஐந்து வாரம் தாமதமானது. அந்த ஐந்து வாரமும் அவர் மகள் சோம்பேறியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

உணவு 3,000 கலோரிக்கு உயர்ந்தது. புரதம் நாளுக்கு 100 கிராம் இலக்கு: பனீர் 150 கிராம், எருமைப் பால் ஒரு லிட்டர், உலர்ந்த கடலை அல்லது பருப்பு 100 கிராம், சோயா உருண்டை 40 கிராம். ரொட்டியில் வருவது அதற்கு மேல். இரும்புச்சத்து மாத்திரை ஒன்றுவிட்டு ஒரு நாள். கடலையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தார்கள். சாப்பாட்டோடு குடித்த தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார்கள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. இந்தக் கடைசி மாற்றத்துக்குத்தான் விடுதியில் அதிக எதிர்ப்பு.

காலுக்கு ஆறு வாரம் ஓட்டம், குதித்தல் நிறுத்தம். அந்தக் காலத்தில் நிலையான சைக்கிள், கயிறேற்றம், மேட்டில் படுத்தபடி செய்யும் தரைப்பிடிகள். பிறகு நடை, நடையோடு ஓட்டம் என்று படிப்படியாக ஏற்றினார்கள். வலி வந்தால் ஒரு படி கீழே.

எடை பார்க்கும் முறை

புதிய முறையில் தினமும் காலை ஒரே தராசு, வார சராசரி மட்டுமே கணக்கு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் அரை முதல் ஒரு கிலோ வரை நீர் தங்கும்; தனி நாள் எண்ணைப் பார்த்துப் பதறினால் தவறான முடிவுதான் வரும். தராசைச் சரிபார்க்க 20 கிலோ பளு வட்டு. எப்போதும் 56.7-க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. போட்டிக்கு இறக்க வேண்டியது 1.7 கிலோ, அதாவது மூன்று சதவீதம்.

அந்த 1.7 வந்த வழி இது. நான்கு நாள் ரொட்டி, கடலை, காய்கறிக்குப் பதில் வெள்ளைச் சோறு, தயிர், வாழைப்பழம். குடலில் தங்கும் சக்கை குறைந்து சுமார் 600 கிராம் போகும். கடைசி இரண்டு நாள் மாவுச்சத்தையும் உப்பையும் மிதமாகக் குறைத்ததில் 500. முந்தைய நாள் பிற்பகல் முதல் நீரைக் குறைத்ததிலும் இரவுத் தூக்கத்திலும் மீதி 600. வியர்வை உடை இல்லை, போர்வை இல்லை. சிங்லெட்டோடு சேர்த்தே ஒத்திகை பார்ப்பார்கள். முந்தைய மாலையே போட்டித் தராசில் ஒரு முறை ஏறிப் பார்ப்பார்கள், ஏனெனில் இரண்டு தராசுகள் ஒத்துப்போவது அரிது.

இரண்டாம் நாளுக்கு ஓர் எண் போதும்: இரவில் படுக்கும்போதும் காலையில் எழும்போதும் உள்ள வித்தியாசம். மூச்சு, வியர்வை, சிறுநீர் வழியாக அவருக்கு இது 700 கிராம். பத்து இரவு அளந்து எடுத்த சராசரி. ஆகவே முதல் நாள் இரவு 55.7-இல் படுத்தால் காலையில் 55.0. எடை பார்த்ததும் ஓ.ஆர்.எஸ். கரைசல் ஒரு லிட்டர், ஒன்றரை மணி நேரத்தில் மடக்கு மடக்காக, வாழைப்பழம், தேன் தடவிய பிரெட், கீர் கிடையாது. 50-இல் ஆடியபோது மாலைக்குள் 3 கிலோ ஏறிய உடல், 55-இல் 600 கிராமுக்கு மேல் ஏறவில்லை. வறண்டிருந்தால்தானே பிடித்துவைத்துக்கொள்ளும்.

2025: பின்தொடர்ந்தவை

மாதவிடாய் மார்ச் கடைசியில் திரும்பியது. மே மாதம் ஃபெரிட்டின் 31. உடல் தேறிய அளவுக்கு ஆட்டம் தேறவில்லை. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒன்பது ஆட்டம், மூன்று வெற்றி. 50-இல் இழுத்தவுடன் விழுந்த எதிராளிகள் இங்கே இடுப்பைப் பின்தள்ளிச் சரிந்து, பிடித்த காலின் மேல் முழு எடையையும் போட்டார்கள். கையில் கால் இருந்தும் புள்ளி அவர்களுக்குப் போனது. உதவித்தொகைப் பட்டியலிலிருந்தும் அந்த ஆண்டு பெயர் போயிற்று. பெரியப்பா வந்து, "கூடினது எடை மட்டும்தான்" என்றார். பக்கத்து ஊர் அகாடா ஒன்று அவரை மறுபடி 50-க்குக் கொண்டுவருவதாகத் தந்தையிடம் உறுதி சொன்னது. தந்தை ஏறக்குறைய சம்மதித்தார், தடுத்தது அம்மா. நவம்பர் இரவுக்குப் பின் மருத்துவமனையில் மகளின் மடங்கிய விரல்களை நீவிவிட்டவர் அவர்தான்.

ஜூலையில் ஆட்டத்தை மாற்றினார்கள். தாழ்வாகப் பாய்வதைக் குறைத்து, எதிராளியின் தலையைக் கீழே தட்டி இழுத்துப் பின்னால் சுற்றிப் போவதைப் பழக்கினார்கள். தள்ளி வெளியேற்றும் ஒற்றைப் புள்ளிகளை முன்பு அவர் மதித்ததில்லை. இப்போது அவற்றுக்கென்று வாரம் இரண்டு பயிற்சி. ஃபிதலே போகவில்லை, ஆனால் எதிராளி களைத்த இரண்டாம் பாதிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 14 ஆட்டம், 9 வெற்றி. மாநிலத்தில் வெண்கலம், பல்கலைக்கழக அளவில் வெள்ளி. பதக்கத்தைவிட இந்த ஆய்வுக்கு முக்கியமான எண், விட்ட புள்ளிகள்: முதல் பாதியில் 19, இரண்டாம் பாதியில் 17. ஓட்டத்தைக் கூட்டாமல் "ஸ்டாமினா" வந்திருந்தது. வேலை இன்னும் கிடைக்கவில்லை.

நவம்பரில் மறுபடி அளந்தபோது எடை 57.4, கொழுப்பு அதே 15. கொழுப்பு நீங்கிய எடை 48.8 ஆகியிருந்தது, குறைந்தபட்ச எடை 55.4. வரம்பான 56.7-ஐத் தாண்டியதற்குக் காரணம் தசை. 53-இன் கதவு மூடிவிட்டது, 55-உம் இறுகிவிட்டது. அடுத்தது 57.

மாற்ற வேண்டியவை

இந்த அளவீடு 2023-இலேயே நடந்திருக்க வேண்டும். காலிப்பரின் விலை ஒரு ஜோடி மல்யுத்தக் காலணியைவிடக் குறைவு. எடைப்பிரிவைப் போட்டி அறிவிப்பு வந்த பிறகு முடிவுசெய்யாமல், போட்டி இல்லாத மாதத்தில், வாரத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல் இறங்காமல் எட்ட முடிகிற எடையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சலுகை எடையில் கிடைத்த வெற்றியைப் பிரிவுத் தேர்வுக்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது.

மாதவிடாய்க் குறிப்பு இப்போது எடைக் குறிப்போடு சேர்ந்தே இருக்கிறது. அதைப் பார்ப்பது பெண் பிசியோ மட்டும். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் மருத்துவரிடம் போவது கட்டாயம். வெளியூர்ப் போட்டிக்கு ஒரு பெண் ஊழியர் இல்லாமல் அணி புறப்படுவதில்லை. இந்த ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவரத்தான் அதிக சண்டை தேவைப்பட்டது, காரணம் ஒரு ஆளின் கூடுதல் பயணச்செலவு.

தீராதது ஒன்று உண்டு. அதே கூடத்தில் இப்போது 16 வயதுப் பெண் ஒருத்தி 49 கிலோவில் ஆடுகிறாள். காலை எடை 52.8. அவள் தந்தை கேட்பது 50 கிலோவுக்குத்தான். அளவீட்டுத் தேதி குறித்தாகிவிட்டது, தாளைப் பார்க்க அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.